மடியில் போன கருவாடு

மறைபணிக் குழுச் செயலாளர் ஐயா, என் தங்கையின் பெட்டியிலிருந்து கருவாட்டை எடுத்து வெளியே போட்டது நீங்கள்தான்.

எழுபதுகளின் கடைசி. தங்கை கன்னியர் மடத்தில் சேர்ந்து நர்ஸ் படிப்பு முடித்திருந்தாள். வடகிழக்கே ஒரு மலைக் கிராமத்துக்கு அவளை அனுப்பினார்கள். எங்கள் காரைக்கால் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மறைபணிக்கென்று வெளியூர் போகிறவரின் தகரப் பெட்டியைக் கோயில் கூடத்தில் திறந்து வைப்போம். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து போடுவார்கள். கம்பளி, மருந்து, சோப்பு, ஜெபமாலை. நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எது போகலாம், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்வீர்கள். கலெக்டரே தோற்றுப்போவார்.

அன்றைக்கு மண்டபத்தூர் அக்கா வந்தார். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறவர். மாரியம்மனைக் கும்பிடுகிறவர், எங்கள் பூசைக்கு வந்ததில்லை. தங்கையைச் சிறு பிள்ளையிலிருந்தே தெரியும். தானே காயவைத்த நெத்திலியை ஓலைப் பையில் கட்டி வந்து பெட்டிக்குள் வைத்தார்.

நீங்கள் இரண்டு விரலால் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டீர்கள். “என்னம்மா இது? துணியெல்லாம் நாறிப்போவும். அங்க உள்ளவங்க நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“மீனு திங்கிறவங்கன்னு நெனப்பாங்க. வேற என்னா நெனப்பாங்க?” என்றார் அக்கா.

கூடமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. கருவாடு இருந்த இடத்தில் கஞ்சி போட்ட வெள்ளை மேசைவிரிப்பை வைத்தீர்கள்.

வழியனுப்ப அக்காவும் எங்களோடு மாயவரம் ஸ்டேஷன் வரை வந்தார். ரயில் நகரும் நேரத்தில் முந்தானைக்குள்ளிருந்து அதே ஓலைப் பையை எடுத்து, ஜன்னல் வழியாகத் தங்கையிடம் தள்ளினார்.

“பொட்டியில வச்சாத்தானே நாறும்? மடியில வச்சுக்க பாப்பா.”

சில வருடம் கழித்துத் தங்கை விடுமுறையில் வந்தாள். அதே கூடத்தில் பேசினாள். அந்த ஊர்ப் பெண்கள் முதலில் அவளிடம் மருந்துக்கே வரவில்லையாம். அவர்கள் கொடுத்த சாப்பாட்டை என்னவென்று தெரியாமல் இவள் தொடாமல் வைத்திருக்கிறாள். நம்மை மதிக்காதவள் என்று அவர்கள் ஒதுங்கிவிட்டார்கள். ஒரு நாள் நாக்கு செத்துப்போய் நெத்திலியை வறுத்திருக்கிறாள். வாசம் பிடித்துப் பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். உடனே ஓடிப்போய், மூங்கில் குழாயில் அடைத்து வைத்திருந்த தன் கருவாட்டைக் கொண்டுவந்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மறுநாள் அவளே காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள்.

“மேசைவிரிப்பு என்னாச்சு?” என்று யாரோ கேட்டார்கள்.

“அங்க மேசையே இல்லீங்க.”

எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியது நீங்கள். அதோடு நின்றிருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் மறைபணி ஞாயிறு பூசையில் மைக்கைப் பிடித்து, “கருவாடு அனுப்பினதே நம்ம குழுதான்” என்கிறீர்கள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்காவுக்கு இது வேடிக்கை. “போவட்டும் விடு. அவருக்கு இப்பதான் மணக்குது” என்கிறார்.

நான் விடமாட்டேன். வருகிற மறைபணி ஞாயிறு அக்கா முன்வரிசையில் உட்காருவார். சம்மதித்துவிட்டார். ஐயா, அதே மைக்கில், அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்: அந்தக் கருவாட்டைக் கொண்டுவந்தது யார்? வாசலுக்கு வெளியே போட்டது யார்?