ஏழாம் நம்பரின் குட்டி

குரங்குகளுக்காக நாடு முழுவதற்குமாக ஒரு சங்கம் இருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று, கேண்டீனில் எனக்குப் புரையேறிவிட்டது. ஒரகடம் பக்கம் மனிதர்கள் ஒரு சங்கம் வைக்கப் படும் பாடு எங்களுக்குத் தெரியும். "குரங்குக்கே சங்கம் கீதாமே? அப்ப நாமளும் ஒரு வால் வச்சிக்கலாம்" என்றேன். மேசையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் தட்டோடு நின்றிருந்தவர் அந்தச் சங்கத்திலிருந்து வந்தவர் என்று யாருக்கும் தெரியாது. அவரும் சிரித்தார்.

முப்பதைத் தாண்டிய பெண், தென்காசிப் பக்கம். எங்களுக்கு அவர் அன்றே ஆராய்ச்சி மேடம் ஆகிவிட்டார். குரங்கினங்களை ஆராய்வதும் காப்பதும் அவர்கள் சங்கத்தின் வேலையாம். எங்கள் கம்பெனிக் குரங்குகளை எண்ண வந்திருப்பதாகச் சொன்னார்.

அதுதான் எண்ணியாகிவிட்டதே என்றேன். அட்மின் மேனேஜரின் ஃபைலில் அறுபத்தாறு என்று இருந்தது. அத்தனையையும் கூண்டு வைத்துப் பிடித்து, எங்காவது மலைப்பக்கம் கொண்டுபோய் விடுவதற்கு வனத்துறையிடம் அனுமதி கேட்கும் கடிதம் தயார். திங்கட்கிழமை கையெழுத்து. அதற்கு முன் விவரம் தெரிந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் யாரோ சொன்னதால் இவருக்கு அழைப்பு. அன்று வியாழன். நடுவில் மூன்றே நாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குரங்குகள் ஒழிந்தால் நிம்மதி என்றுதான் எனக்கு இருந்தது. முந்தைய வாரம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் ஒரு மந்தி என் தோளிலிருந்து பையை உருவிக்கொண்டு ஷெட் மேல் ஏறிவிட்டது. டிபன் பாக்ஸைத் திறந்து, மிச்சம் வைத்திருந்த எலுமிச்சைச் சோற்றில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றது. நான் செருப்பைக் கழற்றி எறிந்தேன். செருப்பும் ஷெட் மேலேயே தங்கிவிட்டது. வாலாஜாபாத்தில் வீடு வரை ஒற்றைச் செருப்போடு போனேன். பஸ் ஷெட்டில் காவலுக்கு நிற்கும் செக்யூரிட்டி அண்ணன் அந்தக் கதையைக் கம்பெனி முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

என் வேலை கண்ணால் பார்ப்பது. பிரஸ்ஸில் அடித்து வரும் இரும்பு பிராக்கெட்டுகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். ஓரத்தில் பிசிறு நின்றால் அதை நாங்கள் பர் என்போம். பர், கீறல், நெளிவு, டென்ட் என்கிற குழிவு, எது இருந்தாலும் ரிஜெக்ட், சிவப்பு டப்பா. பதினோரு வருஷத்தில் என் மேசையைத் தாண்டி ஒரு தப்பு பீஸ் போனதாகப் புகார் வந்ததில்லை. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அன்று மாலை பஸ்ஸுக்கு நின்றபோது ஆராய்ச்சி மேடம் ஷெட்டைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தார்.

"இதுங்கள மதியமே கேண்டீன் பின்னாடி எண்ணிட்டீங்களே" என்றேன்.

"அது வேற கூட்டம்னுல்லா நெனச்சேன்."

"இன்னா வேற? அதோ, எடது காதுல பர் கீது பாருங்க. அது மதியம் தண்ணித் தொட்டி மேல குந்திகினு இருந்துது. வாலு நெளிஞ்ச கடுவனும் அதும் பக்கத்துலயே. என் சோத்த துன்னதும் அந்தக் காதுதான்."

அவர் நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடையாளம் தெரிய தனக்கு இரண்டு வாரமாவது ஆகும் என்றார். எனக்கு அது அதிசயமாக இருந்தது. பீஸுக்கு பீஸ் வித்தியாசம் தெரியாவிட்டால் முகத்தில் கண் எதற்கு?

வெள்ளியும் சனியும் லைன் லீடரிடம் கேட்டுக்கொண்டு, டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் அவரோடு சுற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், வீட்டுக்காரர் முறைக்க முறைக்க, ஷேர் ஆட்டோ பிடித்து வந்தேன். எங்கள் செக் ஷீட் தாளிலேயே கட்டம் போட்டுக்கொண்டோம்: நம்பர், அடையாளம், பார்த்த இடம், நேரம். மூன்று, வலது புருவத்தில் டென்ட். ஐந்து, வால் நெளிவு. என் பாஷையில்தான் எழுதினேன், மேடம் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. ஏழு, இடது காதில் பர். எட்டு, அந்த ஏழின் வயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கிய குட்டி. அதன் உடம்பில் குறித்துக்கொள்ள ஒரு அடையாளமும் இல்லை, அவ்வளவு புதுசு. வேறு வழியில்லாமல் 'ஏழோட குட்டி' என்று எழுதினேன்.

கொண்டுபோய் விட்டால் இதெல்லாம் என்ன ஆகும் என்று சனிக்கிழமை கேட்டேன்.

"புது எடத்துல இருக்க கூட்டம் சேக்காதுக்கா, அடிச்சு வெரட்டும். குட்டிய வச்சிருக்கவ பாடுதான் ரொம்ப மோசம். பல நேரம் குட்டி பொழைக்காது. இங்கனயும் எச்சிச் சோறு தெறந்து கெடந்தா வேற கூட்டம் வந்துரும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என் சோற்றைத் தின்றவளுக்காக நான் பட்டினி கிடக்கிறேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

ஞாயிறு சாயங்காலம் தாளை வைத்துச் சரிபார்த்தோம். மொத்தம் இருபத்திரண்டு. அவைதான் காலையில் மெயின் கேட்டில், மதியம் கேண்டீன் பின்னால், மாலையில் பஸ் ஷெட்டில். மூன்று இடத்திலும் செக்யூரிட்டிகள் தனித்தனி நோட்டு வைத்து எழுதியிருக்கிறார்கள். மூன்று ஷிப்டின் உற்பத்தியைக் கூட்டுகிற கையோடு அட்மினில் குரங்கையும் கூட்டிவிட்டார்கள்.

திங்கட்கிழமை மீட்டிங்கில் மேனேஜர், மேடம், செக்யூரிட்டி அண்ணன், ஓரமாக நான். அறுபத்தாறு என்று கூட்டியவர் மேனேஜரேதான் என்பது அங்கேதான் தெரிந்தது. தாளைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "இருபத்திரண்டுக்கு இவ்ளோ பெரிய லெட்டர் வேணாம்" என்று கடிதத்தை எடுத்து ஓரம் வைத்தார். எச்சில் தொட்டிகளுக்கு மூடி, கேண்டீன் ஜன்னலுக்கு வலை, யாரும் தீனி போடக்கூடாது, மூன்று மாதம் பார்க்கலாம் என்று மேடம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அப்புறம்தான் அதைச் சொன்னார். "ஆனா பை புடுங்குறது ஒண்ணே ஒண்ணுதான்னு பேசிக்கறாங்க. அத மட்டும் பர்மிஷன் வாங்கிப் புடிச்சிடலாம். உனக்குத்தான் ஒவ்வொண்ணையும் தெரியுமே, எதுன்னு டிக் பண்ணும்மா." தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

பேனாவை எடுத்துவிட்டேன். எடுத்துப் பழகிய கை. ஏழாம் வரிக்கு நேராக வைக்கப் போனபோது கீழ்வரி கண்ணில் பட்டது: 'ஏழோட குட்டி'. ஏழாம் வரியை எடுத்துவிட்டால் எட்டாம் வரியில் எழுதியிருப்பதற்கு என்ன அர்த்தம்? அதை யாரென்று எழுதுவேன்?

"அத நான் சரியா பாக்கல சார்" என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

மேனேஜர் செக்யூரிட்டி அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். தீர்ந்தது என்று நினைத்தேன். அண்ணன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "பின்னாடியிருந்து வருது சார். வாலு தான் தெரியிது. வாலு எல்லாம் ஒண்ணாட்டம் தான் சார் கீது" என்றார். மேடம் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. நல்லவேளை, அவரை யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன், "செருப்பு இன்னும் மேலதான் கீது, எடுத்துத் தரவா?" என்றார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது எனக்குப் பெரிய வேலை. ஏழு இன்னொரு பையில் கை வைத்தால் அது மாட்டும், நானும் மாட்டுவேன். தினம் சாயங்காலம் பஸ் வரும்வரை வரிசை நெடுக நடந்து, யாருடைய பை ஜிப் திறந்திருக்கிறது, யார் பையைத் தோளுக்குப் பின்னால் போட்டிருக்கிறாள் என்று பார்ப்பேன்.

"இன்னாக்கா, ஷிப்ட் முடிஞ்சும் இன்ஸ்பெக்‌ஷனா?" என்று கேலி செய்தார்கள்.

"ஆமாண்டி, நீ ரிஜெக்ட். பைய முன்னாடி மாட்டு" என்பேன்.

ஏழு ஷெட் ஓரத்தில் உட்கார்ந்து என்னை முறைக்கும். நானும் முறைப்பேன். மூன்று மாதத்தில் ஒரு பைகூடப் போகவில்லை.

போன வாரம் குட்டி தனியாக ஷெட் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. மூக்கின் மேல் ஒரு கீறல், காய்ந்து தழும்பாகியிருந்தது. எங்கே விழுந்து எழுந்ததோ. போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். "எட்டு: மூக்கில் கீறல். இனிமே ஏழோட குட்டின்னு எழுத வேணாம்" என்று கீழே போட்டேன். அனுப்பிவிட்டு பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவள் பார்ப்பதற்குள் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.