வெந்நீரில் போட்ட விரிப்புகள்

ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளுக்கு 'சி.ஐ.டி.' என்று பெயர். டீக் கோப்பையைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். யாராவது சிரித்துப் பேசினால், இவளுக்கு நம்மிடம் என்ன வேலை என்று கண்ணைச் சுருக்குவாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காலை, அவசரத்தில், ஆபரேஷன் விரிப்புகள் கிடந்த இயந்திரத்தில் வெந்நீரைத் திறந்துவிட்டாள். ரத்தக்கறையைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சூடு பட்டால் துணியோடு வெந்து பிடித்துக்கொள்ளும். நாற்பது விரிப்புகள் பாழ். விசாரித்தபோது இஸ்திரி போடும் அக்காவைக் கைகாட்டினாள். அக்காவை அழுக்குத் துணி பிரிக்கும் அறைக்குத் தள்ளினார்கள்.

இப்போது ஆள் பற்றாக்குறையால் அக்கா திரும்பி வந்திருந்தாள். வந்த அன்றே, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டாள். சி.ஐ.டி. கண்ணைச் சுருக்கினாள். வாரக் கடைசியில் இருவரில் ஒருவரைத் தலைமைப் பொறுப்புக்கு எடுக்கப் போகிறார்கள். காரியம் இல்லாமலா இந்தக் கரிசனம்?

ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து விரிப்பு மடிக்கும்போது கேட்டே விட்டாள்.

"என்னக்கா, ரொம்பக் குழையுற. என்ன திட்டம்?"

"முனையை இழுத்துப் பிடி, சுருங்குது." அக்கா நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்தாள். "வெந்நீரைத் திறந்தது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

துணி கையிலிருந்து நழுவியது.

"ஒரு வருஷம் உன்னை நெனச்சு பல்லைக் கடிச்சேன். அப்புறம் ஜெபம் பண்றப்ப ஒரு நாள் உறைச்சுது. என் பாவத்துக்காக இயேசு சிலுவையில உயிரையே குடுத்தாரு. அந்த மன்னிப்பை மடியில முடிஞ்சுக்கிட்டு, உன் கழுத்தை மட்டும் பிடிச்சா எப்படி? விட்டுட்டேன்."

"அவரு ரத்தம் பாவத்தைக் கழுவும்பீங்க. ரத்தத்தைக் கழுவவே இங்க நமக்கு நாக்கு தள்ளுது."

அக்கா சிரித்துவிட்டாள். "அதான் அது நம்ம வேலை இல்ல, அவரு வேலை."

"சும்மாவா குடுக்கறாரு?"

"நமக்குத்தான் சும்மா. அவருக்கு இல்ல."

சி.ஐ.டி. நம்பவில்லை. பொறி எங்கே இருக்கிறது என்றே தேடிக்கொண்டிருந்தாள்.

தேர்வு நாளன்று சூப்பர்வைசர் இருவரையும் அழைத்தார். "அக்கா ஃபைல்ல அந்த விரிப்பு விவகாரம் இருக்கே. அதனால..." என்று இழுத்தார்.

இப்போது போட்டு உடைப்பாள் என்று சி.ஐ.டி. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா வாயே திறக்கவில்லை. சட்டைக் கையில் தொங்கிய நூலைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து வேறு எதுவும் வரப்போவதில்லை.

"சார், அன்னைக்கு வெந்நீரைத் திறந்தது நான்தான்."

சொன்ன கையோடு சி.ஐ.டி. அக்காவின் முகத்தைத் துருவிப் பார்த்தாள். ஜெயித்த களை எங்கேயாவது தெரிகிறதா? கண் கலங்கியிருந்தது. அதை நம்பலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பொறுப்பு அக்காவுக்குப் போனது. சி.ஐ.டி. அழுக்குத் துணி அறைக்குப் போனாள். மறுநாள் அக்காவே அங்கே டீ கொண்டுவந்து நீட்டினாள். பழக்கதோஷத்தில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனவள், பாதியில் நிறுத்தி, அப்படியே குடித்தாள்.