அடுப்பங்கரை நடுவில் ஒரு மேடை

அண்ணன் தம்பி பாகம் பிரிந்தால் வீட்டுக்கு நடுவே சுவர் எழும்பும். நாகல் நகரை ஒட்டியிருந்த அந்தச் சம்சாரி வீட்டில் மட்டும் மேடை எழும்பியது. அதை எழுப்ப வைத்தவள் மூத்தவர் பெருமாள்சாமியின் மனைவி பொன்னழகு.

ஐம்பத்தேழாம் வருஷம். கத்தரித் தோட்டத்துக்கு யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று கிளம்பிய சண்டை, இளையவன் ஒச்சப்பன் "இனி உலை தனி" என்று சொல்வதில் வந்து நின்றது. தோட்டத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள். அதில் எல்லாம் பொன்னழகு தலையிடவில்லை. அடுப்பங்கரைக்குள் கொத்தனார் மிக்கேல்ராஜ் சுவருக்கு நூல் பிடித்தபோதுதான் அவள் குறுக்கே வந்து நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஒச்சப்பன் மனைவி மாயக்காள் பெற்ற இரண்டும் பொன்னழகு கையால் சோறு உண்டு வளர்ந்தவை. சுவர் எழும்பிவிட்டால் அதுகளின் சத்தம் மட்டும்தான் அவளுக்கு மிஞ்சும்.

"கொழுந்தனாரே, அங்கணம் உங்க பக்கம், கிணத்துக்குப் போற வாசல் எங்க பக்கம். சுவர வச்சிட்டா நீங்க தண்ணிக்கு எங்க போவீக, நான் பாத்திரத்த எங்க கழுவுவேன்?"

"அதுக்கு?" என்றான் ஒச்சப்பன்.

"நடுவுல இடுப்பளவுக்கு மேடை கட்டிருவோம். இந்தப் பக்கம் ஒரு அடுப்பு, அந்தப் பக்கம் ஒரு அடுப்பு. ரெண்டு முனையிலயும் நடக்க வழி விட்டுருவோம்."

மிக்கேல்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நின்னுக்கிட்டா ஆக்கப் போற தாயி? கொடைக்கானல்ல துரை பங்களாவுலதான் அப்படிப் பாத்திருக்கேன்."

சுவருக்கு முக்கால் அடி போதும். மேடை என்றால் இரண்டு அடிக்கு மேல் இடம் போய்விடும். "அம்புட்டையும் உங்க பக்கத்துலயே எடுத்துக்கிருங்க" என்றான் ஒச்சப்பன். அவன் சொல்லி முடிக்குமுன் பொன்னழகு தலையாட்டிவிட்டாள். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாடி" என்று புருஷன் முணுமுணுத்தது அவள் காதில் ஏறவே இல்லை.

நின்ற இடத்திலிருந்து கையை நீட்டி, எதிர் அடுப்பு தன் கைக்கு எட்டும் அகலத்தில் கோடு கிழிக்கச் சொன்னாள். உயரம் பார்க்க மட்டும் மாயக்காளைக் கூப்பிட்டாள். மாயக்காள் குட்டை. "நீ வந்து நில்லு. உனக்குத் தோதா இருக்கட்டும், நான் குனிஞ்சுக்கிடுவேன்." புருஷன் பார்த்துக்கொண்டிருந்ததால் மாயக்காள் தலையைத் தூக்காமல் வந்து நின்றாள்.

செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டி, உள்ளே மண்ணைக் கெட்டித்து, மேலே கடப்பாக்கல் பாவினார்கள். அடுப்பு மூட்டிய அன்றே ஒச்சப்பன் சட்டம் போட்டான்: "எம் பிள்ளைக அந்தப் பக்கத்து உலையில வெந்தத ஒரு பருக்கை தொடக் கூடாது."

அதன்பின் இரண்டு பெண்களும் எதிரும் புதிருமாக நின்று சமைத்தார்கள். ஒச்சப்பன் இருந்தால் பேச்சு இருக்காது. அவன் தெருவில் இறங்கியதும் ஊர்க்கதை முழுக்க அந்த மேடையில் வெந்தது. பொன்னழகு கறி கொதிக்க விடும் நாளில் பிள்ளைகள் இந்தப் பக்கம் வந்து அண்ணாந்து நிற்பார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்று அவளுக்குக் கறி இறங்காது.

அறுபதில் மாயக்காள் விஷக்காய்ச்சலில் படுத்தாள். பிள்ளைகள் பசியோடு நிற்பதைப் பொன்னழகுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. தன் பக்கத்தில் நின்றபடியே கையை நீட்டி எதிர் அடுப்பை மூட்டி, மாயக்காள் பானையில் உலை வைத்தாள். தோட்டத்திலிருந்து வந்த ஒச்சப்பன் பிள்ளைகளின் தட்டைப் பார்த்தான்.

"யாரு ஆக்குனது?"

"அரிசி உங்க அரிசி, பானை உங்க பானை, அடுப்பும் உங்க அடுப்பு. கை மட்டுந்தான் என்னது."

அவன் வந்த வழியே வெளியே போய்விட்டான்.

மாயக்காள் எழுந்திருக்கவில்லை. வாக்கப்பட்டு வந்ததிலிருந்து பத்து வருஷம் தன்னோடு அடுப்பில் வெந்தவளைத் தூக்கிக்கொண்டு போனபோது பொன்னழகு தெருவில் விழுந்து அழுதாள். மறுபடி அடுப்பு மூட்டிய நாளிலிருந்து அவளே இரண்டு உலை வைத்தாள், பக்கத்துக்கு ஒன்றாக. "எதுக்குடி இந்த ரெட்டை வேலை?" என்று கேட்டவர்களுக்கு, "அவரு பேச்சு அவருக்கு. பிள்ளைக வயிறு நெறைஞ்சாச் சரி" என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளுவாள்.

மாயக்காளுக்குத் தெவசம் கொடுத்த அன்று, கூட்டம் கலைந்ததும் ஒச்சப்பன் மேடைக்கு அருகே வந்து நின்றான்.

"மதினி, இனி ஒரே உலையா வச்சிருங்க."

கொத்தனார் நூல் பிடித்த நாளிலிருந்து இந்தச் சொல்லுக்குத்தான் அவள் காத்திருந்தாள். அது மாயக்காளைக் கொண்டுபோய்விட்டு வந்து சேரும் என்று நினைக்கவே இல்லை. கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

மறுநாள் காலையில் தன் அடுப்பை மெழுகி அப்படியே விட்டாள். மேடையைச் சுற்றிப் போய், மாயக்காள் நின்ற இடத்தில் நின்று, அவள் அடுப்பில் எல்லோருக்கும் உலை வைத்தாள்.