பெரும்பாக்கத்துச் சுவரில் தண்ணி லாரி

தாம்பரத்திலிருந்து வந்து பெரும்பாக்கம் குடியிருப்பில் இறங்குகிறேன். ஒரே உயரம், ஒரே ஜன்னல், ஒரே மஞ்சள். எல்லாக் கட்டடங்களும் ஒன்றுபோல் இருக்கின்றன. ஒரு சுவரில் ஓவியர் சாக்கட்டியால் பெரிய பெண் முகம் வரைகிறார். கீழே சின்ன மகளுடன் நிற்கும் நூர்ஜஹான் தடுக்கிறார்.

"பக்கத்து பிளாக்லயும் மூஞ்சிதாண்ணா கீது. நேத்து இவ வூடு மாறிப் போயி அழுதுகினு நின்னா."

ஓவியர் ஏணியிலிருந்து இறங்குகிறார். "இன்னா போடட்டும் பாப்பா?"

"தண்ணி லாரி."

"ரெண்டு நாளா யோசிச்ச மூஞ்சிம்மா இது."

"அத உன் வூட்ல போட்டுக்கோண்ணா" என்கிறார் நூர்ஜஹான்.

ஓவியர் சிரித்துக்கொண்டே சுவரில் வரைந்த முகத்தை அழிக்கிறார். மாலைக்குள் சுவரில் நீல லாரி நிற்கிறது. சிறுமி பேருந்து நிறுத்தம்வரை ஓடிப்போய், தனியாகத் திரும்பி நடக்கிறாள். கூப்பிட வாயெடுத்த நூர்ஜஹான் அடக்கிக்கொள்கிறார். மற்ற கட்டடங்களைத் திரும்பியும் பார்க்காமல் மகள் நேராக வருகிறாள்.