ஹட்டனில் ஒரு செத்த வன்தட்டும் நூற்று அறுபத்து மூன்று பெயர்களும்

போன மாதம் மூன்று நாள் ஹட்டனில் இருந்தேன். படங்கள் அதிகம் எடுக்கவில்லை. போனது ஒரு கணினியின் வன்தட்டுக்காக. ஆனாலும் மலைநாட்டுக்கு ரயிலில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று நேரம், செலவு எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.

முதலில் காரணம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோடுக்கு மாற்ற நான் ஒரு சிறு நிரல் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தது இந்தப் பதிவை வாசிப்பவர்களில் சிலருக்குத் தெரியும். இரண்டு வருடத்தில் பதினைந்து பேர் இறக்கியிருந்தாலே அதிகம் என்று நினைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை காலை, அந்த நிரலோடு நான் கொடுத்திருந்த எண்ணுக்கு ஹட்டனிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் பரமேஸ்வரி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தட்டச்சும் போட்டோ கொப்பியும் செய்யும் கடை வைத்திருக்கிறார், தட்டச்சு வகுப்பும் எடுப்பதால் ஊருக்கு அவர் டீச்சர்.

அவர் சொன்னது இது. சனிக்கிழமை வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் அடையாள அட்டைக்கான நடமாடும் சேவை நடக்கப்போகிறது. அதற்காகச் சுற்றுவட்டத் தோட்டங்களிலிருந்து நூற்று அறுபத்து மூன்று பேர், ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, அவர் கடைக்கு வந்து விபரம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை மொத்தமாக அச்செடுப்பதாக இருந்தார். செவ்வாய் மாலை இடி விழுந்ததில் கணினி அணைந்தது. பிறகு எழவே இல்லை. பிரதி வைத்திருந்த ஃபுளொப்பி நெகிழ்வட்டு இரண்டில் ஒன்று படிக்கவில்லை, மற்றதில் பாதிதான் இருந்தது.

நெகிழ்வட்டை நம்புவதைப் பற்றி எனக்கு நிறையக் கருத்துகள் உண்டு. அன்று ஒன்றையும் சொல்லவில்லை. வியாழனும் வெள்ளியும் லீவு போட்டேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். இரண்டாம் வகுப்பு 140 ரூபாய். ஹட்டன் 173 கிலோமீற்றர். நிலைய வாசலில் பையைச் சோதித்த சிப்பாய், வயர்களையும் திறந்த வன்தட்டுப் பெட்டியையும் பார்த்ததும் என்னைத் தனியே அழைத்தார். தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை, பை நிறைய வயர். யுத்தம் நடக்கும் இந்த நாட்களில் இது நல்ல சேர்க்கை அல்ல. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தன் தங்கையின் கணினியும் அடிக்கடி தானாக அணைகிறது, என்ன காரணமாக இருக்கும் என்று கேட்டார். விசிறியில் தூசி அடைத்திருக்கும், சுத்தம் செய்யச் சொல்லுங்கள் என்றேன். பையை அவரே மூடிக் கொடுத்தார். ரயில் கிளம்ப நான்கு நிமிடம் இருந்தது.

வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள். நாவலப்பிட்டிக்குப் பிறகு ரயில் மூச்சுப் பிடித்து ஏறுகிறது. வட்டவளையில் தேயிலைத் தொழிற்சாலையின் வாசனை பெட்டிக்குள்ளேயே வருகிறது. ஹட்டனில் இறங்கும்போது 11.20. தூறல். நிலையத்திலிருந்து கடைக்கு நடந்தே ஏழு நிமிடம்.

பரமேஸ்வரிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். என்னைக் கண்டதும் முதலில் தேநீருக்குச் சொன்னார், பிறகுதான் கணினியைக் காட்டினார். பெட்டியைத் திறந்தேன். வன்தட்டின் அடியில் இருக்கும் பச்சைச் சுற்றுப்பலகையில் ஒரு சில்லு கருகியிருந்தது. எனக்கு அது நல்ல செய்தி. தகவல் இருப்பது உள்ளே சுழலும் தட்டில். கருகியது வெளியே இருக்கும் பலகை. அதே மாதிரி இன்னொரு வன்தட்டின் பலகையைக் கழற்றி மாட்டினால் தட்டு சுழல வாய்ப்பு உண்டு. ஆனால் அதே மாதிரி என்றால் அச்சு அசலாக அதேதான் வேண்டும். ஐந்து வருடம் பழைய மாதிரி. கொழும்பிலேயே தேடிப்பிடிக்க ஒரு வாரம் ஆகும்.

"ஜவ்பர் நானாகிட்ட கேட்டுப் பாப்போங்க," என்றார் பரமேஸ்வரி.

ஜவ்பர் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்பார்கள்) நான்கு கடை தள்ளி ரேடியோ, பழைய கணினி எல்லாம் விற்கிறார். நான் நீட்டிய வன்தட்டின் ஒட்டுத்தாளை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தார். அலுமாரியில் இருந்த பதினொரு வன்தட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். ஒன்றும் பொருந்தவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் எழவில்லை. தன் மேசையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாட்டை நிறுத்தி, சுவிட்சை அணைத்து, பெட்டியின் மூடியைத் தானே கழற்றினார். உள்ளே இருந்தது அதே மாதிரி.

அவருடைய கடைச் சாமான் பட்டியல் முழுவதும் அதில்தான் இருக்கிறதாம். பலகையைக் கழற்றும்போது ஏதும் ஆனால் அதுவும் போய்விடும் என்று எச்சரித்தேன். பரமேஸ்வரியும் வேண்டாம் என்று தடுத்தார்.

"என்ட சாமான நான் மறுபடி எண்ணிக்குவன், தங்கச்சி," என்றார் நானா. "இந்தச் சனத்த மறுபடி எப்பிடிக் கூப்புடுற?"

பலகையைப் பிடித்திருந்தவை நட்சத்திரத் தலை ஆணிகள். அதற்கான திருப்புளியை நான் கொழும்பிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். எதிர்க் கடைக் கைக்கடிகாரம் திருத்துபவரின் மெல்லிய தட்டைத் திருப்புளியை வாங்கி ஒரு மாதிரி சமாளித்தோம். பலகையை மாற்றி மாட்டி மின்சாரம் கொடுத்தபோது வன்தட்டு மெல்ல விசிலடித்துச் சுழன்றது. பரமேஸ்வரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சுழன்றதே தவிர, ஆங்காங்கே படிக்க முடியாத இடங்கள் இருந்தன. இப்படிப்பட்ட வன்தட்டை வழக்கமான முறையில் திறக்கக் கூடாது. லினக்ஸ் குறுவட்டிலிருந்து கணினியைக் கிளப்பி, என் வெளி வன்தட்டுக்கு அப்படியே நகலெடுக்க ஒரு சிறு நிரலை ஓடவிட்டேன். முதலில் சுலபமாகக் கிடைப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, பிடிவாதம் பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை எடுத்தது என்று குறிப்பும் எழுதிக்கொண்டே போகும். பிற்பகல் 3.20க்கு ஊரெல்லாம் மின்சாரம் போனது. 4.05க்கு வந்தது. நிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதை எழுதியவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு சதம் வாங்காத அந்த மனிதருக்கு அன்று ஹட்டன் மழையைப் பார்த்தபடி மனதுக்குள் நன்றி சொன்னேன். சிலர் இலவச மென்பொருள் என்றால் இளக்காரமாகப் பேசுவார்கள். அவர்களை அந்த முக்கால் மணி நேரம் அந்தக் கடையில் உட்கார வைக்க வேண்டும்.

ஆறு மணிக்குள் எல்லாக் கோப்புகளும் கிடைத்துவிட்டன. நானாவின் பலகையைத் திருப்பி மாட்டினோம். அவருடைய பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடாவிட்டாலும் முதலிலிருந்து ஓடியது.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் கொஞ்சம் பெருமையோடு திரும்பியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை, அதே லினக்ஸ் குறுவட்டில் கணினியைக் கிளப்பி, என் வெளி வன்தட்டில் இருந்த பெயர்ப் பட்டியலை என் நிரல் மூலம் யுனிகோடுக்கு மாற்றினோம். நடமாடும் சேவைக்கு வரும் அலுவலர்கள் அந்தப் பட்டியலைக் குறுவட்டில் வாங்கி, பெயரைத் தட்டித் தேடித்தான் ஆளைக் கூப்பிடுவார்களாம். பரமேஸ்வரி அதை அகர வரிசையில் அடுக்கி, விரலால் திரையைத் தொட்டபடி ஒவ்வொரு பெயராக வாசித்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"சார், வெள்ளையம்மா ஏங்க வைரம்மாவுக்குப் பின்னால போறாங்க? வெ முதல்ல வரணும்ல?"

திரையில் வெள்ளையம்மா வெள்ளையம்மாவாகத்தான் தெரிந்தார். நான் உள்ளே இருந்த குறிகளை எடுத்துப் பார்த்தேன். பிழை என் நிரலில்தான்.

தட்டச்சு தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். பாமினியில் கௌரி என்று அடிக்க, கொம்பு, க, அதற்குப் பின்னால் ள போட வேண்டும். ஔகாரத்தின் பின்பாதியும் ள எழுத்தும் அங்கே ஒன்றுதான். அதனால் கொம்பு, ஓர் எழுத்து, ள என்று வரிசையாக வந்தால் ஔகாரம் என்று என் நிரல் முடிவுகட்டிவிடும். வெள்ளையம்மாவின் முதல் எழுத்தையும் அது 'வௌ' ஆக்கி, மேலே ஒரு புள்ளியை ஒட்ட வைத்திருந்தது. கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் சரியாகத் தட்டித் தேடினால் அப்படி ஒருவர் இல்லை என்று கணினி சொல்லும். பட்டியலில் வெள்ளையன், வெள்ளைச்சாமி என்று பதினொரு பேர் அப்படி இருந்தார்கள்.

அகராதியை வைத்துச் சரிபார்க்கலாமா, சொற்பட்டியல் தயாரிக்கலாமா என்று நான் பெரிதாக யோசிக்கத் தொடங்கினேன். பரமேஸ்வரி விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், ளவுக்கு மேலே புள்ளியோ, பக்கத்தில் இகரக் கொக்கியோ வந்தால் அது நிஜமான ள. ஒன்றும் வராவிட்டால்தான் கௌரியில் வருவது.

அவ்வளவுதான். ஒரே ஒரு விதி. பதினைந்து வருடம் தட்டச்சு செய்த விரல்களுக்கு அது தெரிந்திருந்தது. நான்கு வரி மாற்றி மறுபடி ஓட்டினேன். வெள்ளையம்மா வைரம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார். மாலைக்குள் நூற்று அறுபத்து மூன்று படிவங்களும் அச்சாகிவிட்டன.

சனிக்கிழமை காலை 7.15 பஸ்ஸில் நானும் கூடப் போனேன். டிக்கெட் 22 ரூபாய், நாற்பது நிமிடம். பாடசாலை வாசலில் ஏற்கெனவே நீண்ட வரிசை. பெண்கள் பலர் நல்ல சேலையில் வந்திருந்தார்கள், படம் பிடிப்பார்கள் என்பதால். வெள்ளையம்மா யார் என்று பரமேஸ்வரி காட்டினார். நாற்பத்தைந்து வயது, கொழுந்து பறிப்பவர். மேசையில் இருந்த எழுதுவினைஞர் கணினியில் அவர் பெயரைத் தட்டினார். வந்துவிட்டது. கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார்.

வெளியே வந்த வெள்ளையம்மா பரமேஸ்வரியிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "போன வருசமும் வந்தேன்ல, டீச்சர். உன் பேரே இல்லேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கார்டு இல்லாம கொழும்புக்கு எப்புடிப் போறது? மக புள்ள பெத்தப்பகூட போய்ப் பாக்க முடியல."

மீட்ட கோப்புகளில் போன வருடப் பட்டியலும் இருந்தது, அதையும் பரமேஸ்வரி என் நிரலில்தான் மாற்றியிருக்கிறார். அதை என்னிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். தரையைப் பார்த்தார். நான் வெள்ளையம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, போன வருசம் உங்கட பேர் வராமப் போனது நான் விட்ட பிழையால. நான் செய்து குடுத்ததுதான் உங்கட பேரை மாத்திப்போட்டுது."

அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"வேணும்னா செஞ்சீங்க, தம்பி? இப்ப வந்திருச்சுல்ல." கையில் மடித்து வைத்திருந்த துண்டுத்தாளை நீட்டினார். "மகளோட நம்பரு. கொஞ்சம் அமுக்கித் தாங்களேன்."

என் கைத்தொலைபேசியில் எண்ணைத் தட்டிக் கொடுத்தேன். ஆறு நிமிடம் பேசினார். பேரனின் பெயரை மட்டும் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பயணிகளுக்குச் சில குறிப்புகள். ஆகஸ்டிலும் குடை வேண்டும், குளிருக்கு ஒரு மேற்சட்டையும். ஹட்டனில் சுடுதண்ணீர் வரும் அறை 600 ரூபாய்க்குக் கிடைத்தது, பேரம் பேசாமல். பஸ் நிலையத்துப் பக்கம் ரொட்டியும் சம்பலும் காலை ஆறரைக்கே சூடாக இருக்கும். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வயர் கொண்டுபோவதென்றால் ரயிலுக்கு அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். கணினி வைத்திருப்பவர்கள், இடி முழங்கும்போது மின்சார வயரோடு தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். முக்கியமான கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு கூரையின் கீழ் இருக்கட்டும்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒன்று. நான் இத்தனை நாளும் கொடுத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அந்த மூன்று நாளில் கணக்கில்லாமல் வாங்கியவன் நான்தான். உங்கள் நிரலை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு தடவையாவது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இறக்கியவர் எண்ணிக்கையைப் பார்ப்பதில் அது தெரியாது.

திருத்திய பதிப்பை வெளியிட்டபோது, பங்களித்தவர்கள் பட்டியலில் என் பெயருக்குக் கீழே பரமேஸ்வரியின் பெயரைப் போட்டேன். அதுவரை அந்தப் பட்டியலில் ஒரே பெயர்தான் இருந்தது. நேற்று அவரிடமிருந்து மின்னஞ்சல். அட்டைகள் வரத் தொடங்கிவிட்டனவாம். அதற்குக் கீழே, ஸ்ரீதேவி என்ற பெயர் சரியாக மாறவில்லை என்றும், நிரலின் எழுத்து அட்டவணைக் கோப்பைத் திறந்து தானே ஒரு வரி சேர்த்திருப்பதாகவும், பிழையிருந்தால் மன்னிக்கும்படியும் எழுதியிருந்தார். இணைத்திருந்த கோப்பை ஓட்டிப் பார்த்தேன். பிழையில்லை. ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே வெளியிட்டுவிட்டேன்.