நானுஓயாவில் இறங்காத சித்தி

எங்கள் குடும்பத்தில் கல்யாண வீட்டுக்குப் போகப் பயந்த ஒரே ஆள் என் சித்தி, அம்மாவின் தங்கை. கொட்டகலைக் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை. முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதைத் தவிர அவர் செய்த குற்றம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் எந்த விசேஷத்திலும் மணப்பெண்ணை விட்டுவிட்டு அவரைத்தான் உற்றுப் பார்ப்பார்கள். பந்தியில் உட்கார்ந்ததும், "ஒனக்கு எப்ப?" என்று கேட்டுவிடுவார்கள். சித்தி பாதியில் எழுந்து கை கழுவப் போவார். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா என்று அம்மா சமாதானம் சொல்வார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். நானுஓயாவில் மாமா மகளுக்குக் கல்யாணம். தேயிலைத் தோட்டத்து லயத்துச் சொந்தமெல்லாம் ஒரே ரயிலில் கிளம்பியது. கூட்டத்தில் நானும் சித்தியும் தனியாகக் கடைசிப் பெட்டியில் ஏறினோம். நானுஓயா வந்தது. பட்டுச்சேலைகள் எல்லாம் இறங்கின. சித்தி அசையவில்லை.

"எறங்குங்க சித்தி, ரயிலு போயிரும்!"

"போகட்டும். நீ வேணும்னா எறங்கு. அந்தா, அம்மா நிக்கிறாங்க."

பாயசம் என்னை இழுக்கத்தான் செய்தது. ஆனால் சித்தியின் முகம் அன்று ஏனோ அவ்வளவு அழகாக இருந்தது. உட்கார்ந்துவிட்டேன். அம்மா போனில் அழைத்தபோது, "பிள்ள என்கூடத்தான் இருக்கா, பயப்படாத" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சித்தி போனை அணைத்துவிட்டார்.

இன்னும் மேலே, மலைமேல் இருக்கும் பட்டிப்பொல ஸ்டேஷனில் இறங்கினோம். ஒரே பனி. சித்தி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டுச்சேலையோடு பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். சூடாக வடை வாங்கினோம். சித்தி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

திரும்பும் வழியெல்லாம் நான் ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன். வாசலில் அம்மா பத்ரகாளியாக நின்றார்.

"தூங்கிட்டோம்மா" என்றேன்.

"இல்லக்கா" என்றார் சித்தி. "முழிச்சுத்தான் இருந்தேன். எறங்கப் பிடிக்கல. இனிமே எந்த விசேஷத்துக்கும் நான் வரல. கோவிச்சுக்காத."

சொன்னபடியே பிறகு அவர் எதற்கும் போகவில்லை. ஊர் கொஞ்ச நாள் பேசியது. அப்புறம் பேசுவதற்கு வேறு ஆளைப் பிடித்துக்கொண்டது. பிடிக்காத இடத்துக்கு வரவில்லை என்று நேருக்கு நேர் சொல்ல இன்று எனக்கு வாய் வருகிறதென்றால், அது சித்தி கொடுத்தது. அந்த நன்றி எனக்குச் சாகும்வரை இருக்கும்.

அன்று அம்மா கத்தித் தீர்ப்பார் என்றுதான் காத்திருந்தேன். அவர் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து தங்கையிடம் நீட்டினார். பிறகு அப்பா காதில் விழாதபடி, "அங்க ரொம்பக் குளிரா?" என்று கேட்டார். சித்தி சொல்லச் சொல்ல, கல்யாணச் சேலையை மாற்றக்கூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். திட்ட வேண்டிய அம்மா பட்டிப்பொலவைப் பற்றி ஏன் அவ்வளவு ஆசையாக விசாரித்தார் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.