ஏகாதசியில் மிஞ்சிய மாத்திரை

ஸ்ரீவராகத்தில் எங்களோடு இருக்கும் என் அப்பாவுக்கு எண்பது வயது. குடலில் புற்றுநோய். ஊசி மருந்தை உடம்பு தாங்காது என்று மாத்திரை கொடுத்திருந்தார்கள். காலையும் இரவும் அவரே எடுத்துக்கொள்வார். ஒரு மாதம் அட்டையில் மாத்திரை மிஞ்சியிருந்தது. அப்பா மறதிக்காரர் அல்ல. பின் எப்படி மிஞ்சும்? அட்டையோடு டாக்டரிடம் போனோம்.

"மறந்து போயோ, சாரே?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார் டாக்டர்.

"மறக்கலை. ஏகாதசியன்னிக்கு நான் பட்டினி. வெறும் வயித்துல சாப்பிடப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "இடையில விட்டா மருந்து பலிக்காது, கேட்டோ. அன்னிக்குக் கொஞ்சம் கோதுமை உப்புமாவாவது சாப்பிடணும்."

அப்பா யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எனக்குத்தான் உறைத்தது. 'மாத்திரை ஒழுங்கா எடுக்கறாரா' என்று டாக்டர் கேட்கும்போதெல்லாம் முந்திக்கொண்டு 'ஆமாம்' என்றவள் நான்தான்.

"வேற எந்த நாள்லயாவது சாப்பிடாம இருப்பேளாப்பா?" என்று கேட்டேன்.

"அமாவாசை ராத்திரி" என்றார், சாதாரணமாக.

இப்போதெல்லாம் டாக்டர் கேட்டால் அப்பாவே பதில் சொல்கிறார். மருந்துப் பையில் பஞ்சாங்கமும் வைத்திருக்கிறேன்.